ஜீன் என்றால் ஜீனி இல்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் படித்தது பத்தாவது. அதிலும் அறிவியலில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவள். ரத்தத்தைப் பற்றியும் ஜீனைப் பற்றியும் எழுத நமக்கென்ன யோக்கியதை என்று கை கூசியது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. இதை எழுத உட்கார்ந்தால் என் வீட்டுக்காரரின் தாய்மாமனை விட்டுவிட்டு எழுத முடியாது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னிடம் சரக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம், ‘தாயே, அந்த ஆள் மேல எனக்கு இருக்கிற இளப்பத்தை எடுத்துடு’ என்று அங்காளம்மனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளையின் உயிரைக் கேட்டேன், கொடுத்தாள். இதைக் கேட்டால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளே விட்டுவிட்டாள் போல.

எனக்குத் தாய்வீடு திண்டிவனம். வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்தில். தலைப்பிரசவம், அதனால் திண்டிவனத்திலேயே பெற்றேன். ஆண் பிள்ளை. நல்ல எடை, நல்ல குரல், மார்பில் வாய் வைத்ததும் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே விழுப்புரத்திலிருந்து என் மாமியார், என் வீட்டுக்காரர், அந்தத் தாய்மாமன் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தாய்மாமன் முறைக்கு எனக்குப் பெரியப்பா. அப்படியே சொல்கிறேன்.

பெரியப்பா ஏதோ ஓர் அரசாங்க ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று அவர் பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது. ஆனால் என் மாமியார் வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் தேட மாட்டார்கள், அவரைத்தான் தேடுவார்கள். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ஒன்றைச் சொல்லுவார். பிறகு அது மாறாது. காய்ச்சல்தான் அதற்கேற்றபடி மாறிக்கொள்ள வேண்டும்.

மாமியார் ஒரு மூட்டையை அவிழ்த்தார். என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், அவரைச் சுற்றிவைத்த துணிகள், ஏணை, அதாவது தூளி, கட்டின பழைய நூல் சேலை. பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடாமல் பழசைப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். புதுசு மொடமொடவென்று உறுத்தும், பழசு மெத்தென்று இருக்கும். வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறை அந்தத் துணி கிடந்த டிரங்குப் பெட்டியில் இருந்தது. வருஷா வருஷம் போகிக்குப் பெட்டியைத் திறந்து, பூச்சி அரிக்காமல் இருக்கக் கை நிறையப் பாச்சா உருண்டையைப் போட்டு மூடுவது மாமியாரின் வேலை. சில ஊரில் அந்துருண்டை என்பார்கள், கற்பூரம் மாதிரி வெள்ளையாக இருக்குமே, அதுதான். மூட்டையை அவிழ்த்ததும் வீடே நாறியது. என் அம்மா தும்மிவிட்டு, துவைத்துக் காயவைத்துப் போடலாமே என்று மெல்லக் கேட்டாள்.

பெரியப்பா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். “துவைக்கறதா? இது வம்ச வாசனைம்மா. துவைச்சா பூடும்.”

சம்பந்தி வீட்டு ஆளிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் என் அம்மாவுக்கு இல்லை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் ஒற்றி, அந்த வம்ச வாசனையை மேலே போட்டு, அதே வாசனைச் சேலையில் ஏணை கட்டிக் கிடத்தினாள். பெரியப்பா வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை இரண்டு தின்றுவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த இரண்டொரு நாளில் பிள்ளை மஞ்சளாக ஆரம்பித்தான். பிறந்த பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் தட்டுவது உண்டுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா போனிலேயே வைத்தியம் பார்த்துவிட்டு, காலை வெயிலில் காட்டுங்கள் என்றார். காட்டினோம். அந்தத் துணியோடுதான் காட்டினோம். அப்புறம் ஒரு காலையில் ஏணைச் சேலையில் பார்க்கிறேன், மூத்திரம் பட்ட இடம் டிகாஷன் சிந்தின மாதிரி இருக்கிறது. பச்சைப் பிள்ளையின் மூத்திரம் பட்டால் கறை படியாது. மார்பில் போட்டேன், வாயைத் திறக்கவே இல்லை. தலை தொங்கியது. தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

திண்டிவனத்தில் பார்த்தவர்கள் தாமதிக்கவில்லை. ஆம்புலன்சில் ஏற்றி விழுப்புரத்துப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே குழந்தைகள் டாக்டரம்மா பிள்ளையைத் தொடுவதற்கு முன்னாலேயே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, துணியில பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்தீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் அப்போதே துணியை உரித்து ஒரு கவரில் போட்டுக் கட்டி வெளியே வைக்கச் சொன்னார். பிள்ளையை வெறும் உடம்போடு நீல லைட்டுக்கு அடியில் கண்ணைக் கட்டிக் கிடத்தினார்கள். அதுவும் போதாமல், கெட்டுப்போன ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் பிள்ளை பிழைத்தாலும் பிள்ளையாக இருக்காது என்று சொன்னார்கள். நான் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து மடியில் வைத்துக்கொண்டு அங்காளம்மனின் மேல்மலையனூர் இருக்கிற திசை எதுவென்று தெரியாமல் எல்லாத் திசையையும் பார்த்துக் கும்பிட்டேன்.

ரத்த டெஸ்ட் வந்த பிறகு டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். பொறுமையான மனுஷி. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரியே எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு நாள் பூராவும் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறதும் அதே ஆக்சிஜன்தான். அணுவையும் அது உள்ளேயிருந்து அரிக்கப் பார்க்கும். தோசைக்கல்லுக்கு நாம் எண்ணெய் தடவி வைக்கிற மாதிரி, அணுவுக்குள்ளும் துருவைத் தடுக்க ஒரு சரக்கு உண்டு. துரு வர வர அந்தச் சரக்கு தீரும். தீரத் தீர, அதைத் திரும்ப ரொப்பி வைக்க ஓர் ஆள் உள்ளேயே இருக்கிறான். என்சைம் என்றார். அந்த எண்ணெய்க் கிண்ணம் காலியாகிறது என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். மெதுவாகக் காலியானால் மெதுவாக ரொப்புவான். வெளியிலிருந்து ஏதாவது விஷம் வந்து மளமளவென்று காலியானால் அவனும் மளமளவென்று ரொப்புவான். அந்த ஆளை எப்படிச் செய்ய வேண்டும் என்று உடம்புக்குள் எழுதி வைத்திருக்கிற குறிப்புதான் ஜீன். என் பிள்ளைக்கு அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறிப் போயிருக்கிறது. அதனால் அவனுக்கு வாய்த்த ஆள் சீக்கிரம் ஓய்ந்துபோகிறவன். சாதாரண நாளில் சமாளித்துவிடுவான். பாச்சா உருண்டை மாதிரி ஒன்று உள்ளே போய்விட்டால் அவனால் ஈடுகொடுக்க முடியாது. எண்ணெய் தேய்த்த பிஞ்சுத் தோலில் அது இன்னும் சுலபமாக இறங்கும். மற்ற செல்லாக இருந்தால் ஓய்ந்த ஆளுக்குப் பதில் இன்னொருத்தனைச் செய்துகொள்ளும். சிவப்பணுவுக்குள் அந்தக் குறிப்பே கிடையாது, பிறக்கும்போது கூட வந்தவன்தான் கடைசி வரைக்கும். அவன் ஓய்ந்தால் அணு உடையும். உடைந்ததுதான் மஞ்சளாகவும் டிகாஷனாகவும் வந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டாக்டரம்மா பூசி மெழுகவில்லை.

“உங்ககிட்ட இருந்துதாம்மா. உங்களுக்கு அந்த ஜீன் ரெண்டு இருக்கு, ஒண்ணு நல்லது, அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆம்பளைப் பிள்ளைக்கு அம்மா கொடுக்கிற ஒண்ணுதான், இவனுக்குக் கெட்டது வந்துடுச்சு.”

அப்போது என் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். சின்ன வயசில் மலேரியாக் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டு அவனுக்கு மூத்திரம் கறுத்துப் போனது. சூடு என்று சொல்லி இளநீர் கொடுத்தார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன், தலையை ஆட்டினார். இவனுக்கு இனிமேல் பாச்சா உருண்டை வாசமே ஆகாது, குழந்தையாக இருக்கும்போது மருதாணி வைக்கக் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லாமல் மாத்திரை வாங்கக் கூடாது என்றார். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எல்லாப் பிள்ளை மாதிரியும் வளருவான் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

இதெல்லாம் நடக்கும்போது பெரியப்பா கதவுக்கு வெளியே நின்றிருந்தார். நோயின் பெயர் நீளமாக, குளுக்கோஸ் என்று ஆரம்பிக்கும். அவர் காதில் விழுந்தது மூன்றே வார்த்தை. குளுக்கோஸ். ஜீன். குறைபாடு. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

“பயந்துகினு இருக்காதீங்க. புள்ளைக்கு ஜீனி கம்மி. அவ்ளோதான். இதுக்குப் போய் இன்னா பேஜாரு.”

என் மாமியார் அழுகையை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா வெளியே டீக்கடையில் ஜீனி வாங்கிவந்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் கரைத்துக் கொடுத்தார். சுவரில் சாய்ந்து நான் கண் அசந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே போய், நீல லைட்டுக்குக் கீழே கையை நீட்டி, பிள்ளை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் புரையேறி இருமின சத்தத்தில்தான் முழித்தேன். நர்ஸ் பாலாடையைப் பிடுங்கினார். டாக்டரம்மா வந்தார். யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்டதும் பெரியப்பா முன்னால் வந்தார்.

“நீங்கதானே மேடம் ஜீனி கொறைன்னு சொன்னீங்க?”

“நான் ஜீன்னு சொன்னேன்.”

“அதான் மேடம். நாங்க அதை ஜீனின்னு சொல்லுவோம்.”

டாக்டரம்மா படித்த படிப்பில் இந்த வியாதிக்கு மருந்து இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. “ஜீன் வேற, ஜீனி வேற ஐயா. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் உள்ள போகக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா சிரித்தார். பெரிய படிப்புப் படித்தவர்கள் ஜீனியை ஜீன் என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

நான் அப்போது நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு அணுவுக்குள் இருக்கிறவனுக்குக்கூட முதலில் ஆபத்தை உணர வேண்டும், பிறகு வேலை செய்ய வேண்டும் என்று தெரிகிறது. இந்த மனுஷன் வேலையை முதலில் செய்துவிடுவார். உணர்வது என்று ஒன்று இருப்பதே இவருக்குத் தெரியாது. அம்மன் படைப்பில் அது சின்னது, இவர் பெரியவராம்.

பிள்ளை பிழைத்தான். வாயை வைத்துப் பால் குடித்தான். திண்டிவனத்துக்குத் தூக்கிவந்தேன். அதற்குள் விழுப்புரத்தில் பேச்சு மாறியிருந்தது. மாமியார் கோலியனூர் வரைக்கும் இருக்கிற சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டு, மருமகள் பக்கத்து ரத்தம் சரியில்லை, அதே சட்டையைத்தான் என் பிள்ளையும் போட்டு வளர்ந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். ஆமாம் அத்தை, என் ரத்தம்தான், டாக்டரே சொல்லிவிட்டார், நான் மறைக்கவில்லை என்றேன். அம்மன் என் வழியாகக் கொடுத்தது, அதற்கு நான் வெட்கப்பட மாட்டேன். ஆனால் என் ரத்தம் சும்மாதான் இருந்தது, உங்கள் உருண்டைதான் வந்து தட்டியது என்றும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த வீட்டில் ஒரு உருண்டைகூட இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளையோடு நான் வர மாட்டேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று சத்தியம் பண்ணினார். நல்லவர்தான். ஆனால் மாமா என்று ஒரு சொல் வந்துவிட்டால் முதுகெலும்பு நூலாகிவிடும்.

விழுப்புரம் போய் இறங்கினோம். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள், பக்கத்து வீட்டார் எல்லாம் கூடியிருந்தார்கள். படியில் கால் வைக்கப் போனேன், மூக்கில் ஏறியது. காலை எடுத்துக்கொண்டேன்.

“ஏங்க, வாசனை வருது.”

“அதெல்லாம் எடுத்தாச்சும்மா.”

“எடுத்து எங்க வெச்சீங்க?”

மாமியார்தான் பதில் சொன்னார். டிரங்குப் பெட்டியில் இருந்ததை எடுத்துச் சாமி அலமாரியில் அம்மன் பட்டுக்குள் வைத்திருக்கிறார்களாம். சாமி துணியைக்கூடப் பூச்சி அரிக்க விட வேண்டுமா என்று கேட்டார். பெரியப்பா உள்ளே நாற்காலியில் இருந்தார், எழுந்திருக்கவில்லை.

“சாமிகிட்ட இருக்கறது புள்ளைய ஒண்ணும் பண்ணாதும்மா. நம்பிக்கை வேணும்.”

விரதம் இருக்கிறவள் நான். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிறவள் நான். சாமிக்கு ஒரு சூடம்கூட அடுத்தவன் காசில் ஏற்றுகிற இந்த மனுஷன், என்னிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறார். பெரியவர்களிடம் குரல் உயர்த்தாதவள், அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“நம்பிக்கை இருக்குது பெரியப்பா. அம்மன் மேல இருக்குது. உருண்டை மேல இல்ல. இந்த நாத்தத்துல அவளே எழுந்து போயிருப்பா, நீங்க அலமாரியைச் சாத்தி வெச்சிருக்கீங்க.”

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. நான் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று அந்த அக்காவைக் கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பை தோளில்தான் இருந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் உள்ளே போனார். மாமா முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனார் என்று பிறகு சொன்னார்கள். அலமாரியைத் திறந்து பட்டு மூட்டையோடு மாடிக்குக் கொண்டுபோய் உதறி வெயிலில் விரித்தார். உருண்டைகளையெல்லாம் பொறுக்கிப் பேப்பரில் மடித்துக்கொண்டு எங்கள் எல்லோர் முன்னாலும் தெருவில் இறங்கிக் கொண்டுபோய் ஒழித்துவிட்டு வந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கி மாடியில் போட்டார். வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. வாசனை போகிற வரைக்கும் நான் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இருந்தேன். பிறகு வந்து ஆரத்தி எடுத்துக்கொண்டேன். இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார். அந்த வாக்கை அவர் காப்பாற்றியிருந்தால் கொஞ்சம் மரியாதை வைத்திருப்பேன். மறுநாள் காப்பி நேரத்துக்கு வந்துவிட்டார்.

சாமி துணிக்கு மாசம் ஒரு தரம் வெயில் காட்டுகிறேன். இதுவரைக்கும் ஒரு பூச்சியும் வரவில்லை. பிள்ளை இப்போது ஹைஸ்கூல் போகிறான், பந்து விளையாடுகிறான், என்னைவிட உயரம். யாராவது மாத்திரை நீட்டினால் அவனே கேள்வி கேட்கிறான்.

இதை எழுத வைத்தது அவன் இல்லை. பெரியப்பாதான். இப்போது அவர் கையில் போன் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பூப் படம் போட்டு உலகத்துக்கெல்லாம் வணக்கம் சொல்கிறார். சமீபத்தில் கெடாரில் இருக்கிற எங்கள் உறவுக்கார அம்மா ஒருத்தர் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, இது நிஜமா என்று கேட்டார். அவர் மகளுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்து, கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தது. மெசேஜில் இப்படி இருந்தது: பாச்சா உருண்டை வாசனையால் குழந்தைக்கு ஜீனி குறைந்து மஞ்சள் வரும், உடனே ஜீனித் தண்ணீர் கொடுக்கவும், இது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன் குடும்பத்தில் கண்டுபிடித்த உண்மை. அடியில் பூ, கும்பிட்ட கை. அனுபவித்தது என் பிள்ளை, கண்டுபிடித்தது அவராம்.

நான் போன் போட்டபோது அந்த அம்மா கையில் ஜீனி டப்பா இருந்தது. அதைக் கீழே வையுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். போனார். சாதாரண மஞ்சள்தான், லைட்டில் வைத்துச் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மெசேஜ் அந்த அம்மாவோடு நின்றிருக்காது. எந்தெந்த வீட்டில் எந்தக் கைக்குப் போயிருக்கிறதோ.

அதனால்தான் எழுதிவிட்டேன். பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, பெட்டியிலிருந்து பழைய துணி எடுக்கப் போகிறவர்களுக்கு இதை அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம். பூ, கும்பிட்ட கை எதுவும் சேர்க்க வேண்டாம். சுருக்கவும் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைக் கடைசியில் ஒட்டவும் வேண்டாம். என் பிள்ளைக்குள் மாறினதும் ஓர் எழுத்துதான், பெரியப்பா மாற்றினதும் ஓர் எழுத்துதான். ‘ன்’ மேல் இருக்கிற புள்ளியை எடுத்துவிட்டு ஒரு சுழி போட்டால் ‘னி’ ஆகிவிடும். அந்தச் சுழியை மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் எழுதினது எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும்.